தட்டா? தம்ளரா?

(‘தொப்பை குறைய முதலில் குறைக்க வேண்டியது தட்டா? தம்ளரா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘தம்ளரே’ என்னும் அணியில் தேவிபட்டினம் கடற்கரை மேடையில் பேசியது.)

எங்களை எடை போட வந்திருக்கிற நடுவர் அவர்களே! எடை கூடிப் போய் எதிரே அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! தேவிபட்டினத்துப் பெருமக்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், மடியிலே மிக்சர் தட்டோடு உட்கார்ந்து, ‘உடம்பைக் குறைப்பது எப்படி’ன்னு ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பர்களே!

இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கடலுக்குள்ளே ஒன்பது கல். நவபாஷாணம். ராமபிரானே நவக்கிரகங்களைப் பிரதிஷ்டை பண்ணினார் என்பது ஐதீகம். இன்றைக்குக் காலையிலே போயிருந்தேன். ஒருத்தர் பயபக்தியோடு ஒன்பது சுற்றுச் சுற்றினார். நல்ல கனமான ஆள். அலை அடிக்குது, மூச்சு வாங்குது, விடவில்லை. பூரித்துப் போனேன். பக்தியும் ஆச்சு, உடற்பயிற்சியும் ஆச்சுன்னு நினைத்தேன். சாயங்காலம் அதே ஆளைக் கரையிலே பார்த்தேன். கூட்டாளியிடம் சொல்கிறார்: “காலையிலே ஒன்பது ரவுண்டு முடிச்சிட்டேன். இப்ப மூணு ரவுண்டு போட்டா ஒண்ணும் ஆகாது!” (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலே இருக்கிறது. காலையிலே சுற்றுகிற ஒன்பது ரவுண்டைச் சாயங்காலம் போடுகிற மூன்று ரவுண்டு தின்றுவிடும். அதை நிரூபிக்கத்தான் நான் நிற்கிறேன்.

பேசுவதற்கு முன்னால் ஒரு வாக்குமூலம். நான் குடிப்பதில்லை. ஆனால் எனக்குத் தொப்பை இருக்கிறது. எதிரணித் தலைவர் இதைத்தான் கையைக் காட்டிச் சொன்னார்: “பேராசிரியர் தம்ளரைத் தொட்டதே இல்லை. இந்தத் தொப்பை எங்கிருந்து வந்தது? தட்டிலிருந்து வந்தது!” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். உண்மையை மறுக்கக் கூடாது பாருங்கள்.

இன்னொரு புள்ளிவிவரமும் சொன்னார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற ஆண்களில் நூற்றுக்கு 37 பேர் அதிக எடை. பெண்களில் நூற்றுக்கு 40 பேர். “குடிக்கிறது ஆண்கள், எடை கூடுதல் பெண்களுக்கு. அப்போ குற்றவாளி தட்டுதானே?” என்றார். நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன். வீட்டிலே தட்டு மட்டும் இருக்கிறவர்கள் தட்டைக் குறைக்கட்டும். வேறு வழியில்லை, நானும் குறைக்கிறேன். இங்கே கேள்வி என்ன? தட்டா, தம்ளரா? இரண்டும் எவன் முன்னால் இருக்கிறதோ, அவனைப் பற்றிய கேள்வி இது! அதே ஆய்வு சொல்கிறது, 15 வயதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் குடிக்கிறவர். அந்த நாலாவது ஆளைப் பற்றித்தான் பேச்சு.

அந்த ஆள் என்ன செய்கிறான்? டாக்டர், “எடையைக் குறை” என்கிறார். உடனே தட்டைத்தான் குறைக்கிறான். சோற்றைக் குறைக்கிறான், இட்லியைக் குறைக்கிறான், கடைசியிலே ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்துகிறான். தம்ளர் மட்டும் அப்படியே இருக்கிறது. கேட்டால், “இது சாப்பாடா? வெறும் தண்ணிதானே!” என்கிறான். தமிழிலே இதற்குப் பேரே ‘தண்ணி’ன்னு வைத்துக்கொண்டான், கணக்கிலே வராமல் இருப்பதற்காக!

தண்ணியா என்று பார்ப்போம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் நாட்டுப் பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் வழக்கமாக 42.8 சதவீதம் சாராயச் சத்து. பெருக்கிப் பாருங்கள். அந்தக் குவார்ட்டருக்குள்ளே இருப்பது ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்புக்கு 9. ஆல்கஹாலுக்கு 7! கொழுப்புக்குப் பக்கத்து வீடு. ஆக ஒரு குவார்ட்டர் சுமார் 425 கலோரி. சாதாரண அளவிலே ஓர் இட்லி 50 கலோரின்னு வைத்துக்கொண்டால், எட்டு இட்லி!

வீட்டிலே மனைவி மூணாவது இட்லியை வைக்கும்போது, “போதும் போதும், டாக்டர் திட்டுவார்”னு கையை மறிக்கிறானே, அவன் வயிற்றுக்குள்ளே ஏற்கெனவே எட்டு இட்லி தண்ணியாக ஓடிக்கொண்டிருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

இதை நடந்து கரைக்கணும்னா, 80 கிலோ ஆள் இங்கிருந்து ராமநாதபுரம் போகிற பாதையிலே பாதித் தூரம் நடக்கணும். இன்னும் சைடு டிஷ் கணக்குக்கு வரவில்லை. நூறு கிராம் மிக்சர் ஐந்நூறு கலோரிக்கு மேலே. அதையும் சேர்த்தால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டே வந்துவிடும். அதற்கு மேலே பொரித்த மீன். எங்கே போய் நிற்பான்? பரமக்குடிதான்!

சரி, கலோரி கணக்கு மட்டும்தானா? இல்லை. எதிரணி நண்பர் ஒருவர், “கலோரி எதிலிருந்து வந்தால் என்ன?” என்று கேட்டார். பக்கத்திலே இருக்கிற பாம்பன் பாலத்தை வைத்தே சொல்கிறேன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம். இரண்டுக்கும் ஒரே விதி. கப்பல் வந்தால் பாலம் திறக்கும். பாலம் திறந்திருக்கிற வரைக்கும் ரயில் நிற்க வேண்டும். உடம்பும் அப்படித்தான். சோற்றைச் சேமித்து வைக்க உடம்பிலே இடம் உண்டு. கொழுப்பைச் சேமிக்க இடம் உண்டு. எங்கே என்று உங்களுக்கே தெரியும், சட்டை பட்டன் சொல்லும். ஆல்கஹாலைச் சேமிக்க மட்டும் இடமே கிடையாது. ஈரலுக்கு அது விஷம். வந்தவுடனே, “முதலில் இதை அனுப்பு” என்று பாலத்தைத் தூக்கிவிடுகிறது. சரக்குக் கப்பல் போகிறது! (கைதட்டல்) அது போகிற வரைக்கும் கொழுப்பு ரயில் அந்தப் பக்கமே நிற்கிறது. எவ்வளவு நேரம்? ஈரல் ஒரு மணி நேரத்திலே கழிப்பது சுமாராக 7 முதல் 10 கிராம். குவார்ட்டரில் 60 கிராம். ஆறு மணி நேரத்துக்கு மேல் பாலம் மூடாது. ராத்திரி ஒன்பதுக்குக் குடித்தால் விடியற்காலம் வரை அதே வேலைதான். கூடவே தின்ற பொரித்த மீனின் எண்ணெய் எங்கே போகும்? கூட்ஸ் வண்டியிலேயே தங்கிவிடும். அந்தக் கூட்ஸ் வண்டிக்குப் பேர்தான் தொப்பை.

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். “அளவாகக் குடித்தால் தப்பில்லை” என்றார்கள். சங்க இலக்கியத்தையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் அழுது பாடியது புறநானூற்றிலே இருக்கிறது. அதிலே கள் வருகிறது. உண்மை. நான் தமிழ் வாத்தியார், மறுக்க முடியுமா? ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். அது புளிக்க வைத்த கள். புளிக்க வைக்கிற எதிலும் 42.8 சதவீதம் ஏறவே ஏறாது. காய்ச்சி வடித்தால்தான் ஏறும். அதியமான் பெயரைச் சொல்லி இவர் குவார்ட்டரை எடுக்கிறார். அதியமான் நெல்லிக்கனியும் கொடுத்தானே, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை? (சிரிப்பு) கலோரியும் குறைவு!

சரி, அளவு என்கிறீர்களே, எது அளவு? நம் ஊரிலே கேளுங்கள்: “நான் அளவாத்தான் சாப்பிடுவேன் அண்ணே. தினம் ஒரு குவார்ட்டர்தான், தாண்ட மாட்டேன்.” அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொல்கிறார். 2016-இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரிகள் ஒரு வரம்பு சொன்னார்கள். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேலே வேண்டாம். அதையும் மூன்று நாளுக்குக் குறையாமல் பிரித்துக்கொள். ஒரு யூனிட் 8 கிராம். ஆக வாரத்துக்கு 112 கிராம். நம் கணக்கிலே எவ்வளவு? இரண்டு குவார்ட்டர்கூட முழுசாக இல்லை. தினத்துக்கு அல்ல, வாரத்துக்கு! நம்ம ஆள் வாரத்துக்கு ஏழு. அங்கேயும், ‘இதுவரை குடித்தால் நல்லது’ என்று சொல்லவில்லை. ‘இதைத் தாண்டாதே’ என்றுதான் சொன்னார்கள். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் குவார்ட்டர் என்கிற அளவு எங்கிருந்து வந்தது? அது பாட்டில் கம்பெனிக்காரன் வைத்த அளவு. உடம்பு வைத்த அளவு அல்ல. திறந்த பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மனைவி இருக்கிறாள். கீழே ஊற்ற மனசு வராது, காசு கொடுத்தது. அதனாலே முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறான். இவன் குடிப்பது தாகத்தின் அளவு இல்லை ஐயா, கண்ணாடியின் அளவு!

இன்னொன்று. தட்டு எங்கே இருக்கிறது? வீட்டிலே. போடுகிறவள் மனைவி, அல்லது அம்மா. தம்ளர் எங்கே இருக்கிறது? வெளியிலே. போடுகிறவன் அவனே. தொப்பை வந்தால், “நீ எண்ணெய் அதிகமா ஊத்துறே, தேங்காய் அதிகமா அரைக்கிறே” என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துகிறான். வெளியிலே தானாகப் போட்டுக்கொண்ட எண்ணூறு கலோரியை யாரும் கேட்கவில்லை. ‘தட்டைக் குறை’ என்கிற எதிரணி வாதம் கடைசியிலே யார் தலையில் விழுகிறது பார்த்தீர்களா? (தாய்மார்கள் பகுதியிலிருந்து நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர், “வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்திலே சாப்பாட்டைப் பற்றித்தானே சொன்னார்?” என்றும் கேட்டார். ஆமாம். அது 95-ஆவது அதிகாரம். இரண்டு அதிகாரம் பின்னாலே வாருங்கள். 93, கள்ளுண்ணாமை. 93-இலே கள். 95-இலே மருந்து. நடுவிலே 94 என்ன தெரியுமா? சூது! குடித்துக்கொண்டே உடம்பைக் குறைக்கிறேன் என்கிறவன் அந்த 94-இலே நிற்கிறான். ஆடுவது சூதாட்டம். பணயம் என்ன? இதைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நடுவர் அனுமதித்தால் என் வீட்டிலே நடந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கையை இந்த ஊர்ப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை நல்ல மனுஷர். உழைப்பாளி. தினம் ஒரு குவார்ட்டர் உண்டு. சண்டை சச்சரவு கிடையாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நாலு வருஷத்துக்கு முன்னால், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டாக்டர், “பத்து கிலோ குறைக்கணும்” என்று சொல்லிவிட்டார். ஒரு லீவிலே நான் போயிருந்தேன். “மச்சான், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன். சோறு, இட்லி ஒண்ணும் கிடையாது. மூணு கிலோ இறங்கிட்டேன்!” என்றார், பெருமையாக. “அது?” என்று கேட்டேன். “அது மட்டும் இருக்கு மச்சான். அதுக்குத்தானே இதை விட்டேன்!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முதுகிலே தட்டிக்கொடுத்து, “பரவாயில்லையே மாப்பிள்ளை!” என்றேன். படித்தவன் நான். டாக்டர் பட்டம் வாங்கியவன்.

அன்றைக்கு ராத்திரி பத்து மணி இருக்கும். திண்ணையிலே கிடந்தார். பேச்சுக் குழறுகிறது. கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. சட்டையெல்லாம் வேர்வை. வாடை அடிக்கிறது. என் தங்கை தலையிலே அடித்துக்கொண்டு, “மகளுக்குக் கல்யாணத்தை வச்சுக்கிட்டு இப்படிக் குடிச்சிட்டுக் கிடக்கிறாரே அண்ணே!” என்று உள்ளே போய்விட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விடும்மா. தெளியட்டும். காலையிலே பேசிக்கலாம்.” சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தேன்.

எதிர்வீட்டு பாய் அவர்களின் மனைவி ஓய்வு பெற்ற நர்ஸ். தற்செயலாக வாசலுக்கு வந்தவர் பார்த்தார். கையைத் தொட்டார். “என்னங்க, கை ஜில்லுன்னு இருக்கு! இவர் சர்க்கரை மாத்திரை போடுறவராச்சே! சாப்பிட்டாரா?” என்றார். ஓடிப்போய் அவர் வீட்டிலிருந்த கருவியை எடுத்து வந்து விரலைக் குத்திப் பார்த்தார். 38! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. முப்பத்தெட்டு! 108-க்குப் போன் பண்ணினோம். ராமநாதபுரத்திலே ஒரு ஆஸ்பத்திரியில் நரம்பிலே குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்து, “மச்சான், என்னாச்சு?” என்றார்.

டாக்டர் எனக்கு விளக்கினார். சாப்பிடாத நேரத்திலே ரத்தத்துக்குச் சர்க்கரை செய்து அனுப்புவது ஈரலின் வேலை. அந்த ஈரல் சரக்கைக் கழிப்பதிலே மும்முரமாக இருந்தால் சர்க்கரை செய்யாது. வயிற்றிலே சோறு இல்லை. சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மூன்றும் சேர்ந்தால் மூளைக்குச் சாப்பாடு இல்லை. பேச்சுக் குழறும், தள்ளாடும், வேர்க்கும், மயங்கும். பார்க்கிறவனுக்குப் போதை மாதிரியே இருக்கும். “காலையிலே பேசிக்கலாம்னு விட்டிருந்தா, பேச ஆள் இருந்திருக்காது சார்” என்றார்.

முப்பது வருஷமாகச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொடுக்கிறவன் நான். என் தங்கை புருஷன் குழறின குழறலுக்குப் பொருள் தெரியாமல் பாயை விரித்துப் படுத்தேன். அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது. அதனாலேதான் இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது, “எந்த அணி?” என்று நடுவர் கேட்பதற்கு முன்னாலேயே, “தம்ளர்” என்றேன்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிடுகிறேன் ஐயா. இரண்டே நிமிஷம். கூட்டத்திலே இருக்கிற எல்லாரும் நாளைக்கே விட்டுவிடுவார்கள் என்று நான் கனவு காணவில்லை. விட முடியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

குடிக்கிற நாளிலே சாப்பாட்டை வெட்டாதீர்கள். முதலிலே சாப்பிடுங்கள். இட்லியும் குழம்பு மீனும் தொப்பைக்கு எதிரி இல்லை. மிக்சரும் எண்ணெயிலே மிதக்கிற மீனும்தான் எதிரி. கண்ணால் ஊற்றாதீர்கள், 30 மில்லி அளந்து ஊற்றுங்கள். இரண்டுக்கு மேலே கை போனால், அது உங்கள் கை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கலர், கோலா கலக்காதீர்கள். அது சர்க்கரைத் தண்ணீர். தினம் என்பதை வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் என்று இறக்குங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம்ம ஆள் மாத்திரைப் பேரைச் சொல்லுவான். குவார்ட்டர் கணக்கை மட்டும் சொல்ல மாட்டான்!

வீட்டிலே இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை போடுகிற ஆள் குழறினால், போதை என்று விட்டுவிடாதீர்கள். நினைவிருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நினைவில்லை என்றால் வாயிலே எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். வருஷக்கணக்காகத் தினம் நிறையக் குடித்தவர், என் பேச்சைக் கேட்டு இன்று ராத்திரியே பாட்டிலைக் கடலிலே எறிந்துவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கை நடுங்கும், வலிப்பே வரலாம். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்தோடு நிறுத்தலாம். எங்கள் மாப்பிள்ளைக்கும் முதல் மூன்று நாள் கை நடுங்கியது. டாக்டர் படுக்க வைத்துத்தான் நிறுத்தினார்.

இன்றைக்கு அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறீர்களா? ராத்திரி மூன்று இட்லி சாப்பிடுகிறார். குழம்பு மீன் இரண்டு துண்டு. காலையிலே கடற்கரையிலே நடை. ஒன்பது மாசத்திலே எட்டு கிலோ இறங்கினார். மகள் கல்யாணத்திலே வாசலிலே நின்று, “வாங்க மச்சான்” என்று என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனவர் அவர்தான். அந்தக் கை சூடாக இருந்தது நடுவர் அவர்களே. எனக்கு அதுபோதும். (கைதட்டல்)

ஆகவே, தட்டைப் பட்டினி போட்டுத் தம்ளருக்குச் சோறு போடாதீர்கள். முதலில் குறைக்க வேண்டியது தம்ளரே, தம்ளரே, தம்ளரே என்று கூறி, நல்ல தீர்ப்பை நடுவர் அவர்களிடம் எதிர்பார்த்து அமர்கிறேன்.